கீறல் விழும் கண்ணாடி

பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் விழுந்த கீறல்களை வீட்டிலேயே போக்குவது எப்படி என்பது வரலாற்றுக் கட்டுரைக்குத் தகுந்த பொருளா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கைப்பக்குவக் குறிப்பாகப் பத்து வரிகளில் முடிந்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்தக் குறிப்பைப் பின்பற்றுகிறவர் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார். தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவின் கண்ணாடியில் சிறிது பற்பசையை வைத்துப் பழைய வேட்டித் துணியால் ஐந்து நிமிடம் தேய்த்தால், முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த மெல்லிய கீறல்கள் மங்கி மறைகின்றன. அதே பற்பசையையும் அதே துணியையும் கொண்டு, அப்பா 1990களில் வாங்கிய குவார்ட்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தேய்த்தாலும் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. வீட்டில் இரண்டையும் கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். ஒன்று நம் கைக்கு இணங்குகிறது, மற்றது மறுக்கிறது. ஏன்?

விடையைத் தேடிப் போனால் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள், ஒரு ஜெர்மானிய வேதியியல் நிறுவனம், பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தருமபுரி மாவட்டத்துக்கே வந்து சேர்கிறோம். இந்தக் கதையின் இந்தியப் பகுதி பெரும்பாலும் பெங்களூருக்கும் தருமபுரிக்கும் இடைப்பட்ட ஒரே நெடுஞ்சாலையில் நடந்து முடிந்திருக்கிறது. கீறல் விழும் கண்ணாடி ஏன் வந்தது, ஏன் போனது, அது போனபோது நம் கையிலிருந்து வேறு எது போயிற்று என்பதே இங்கே நாம் பார்க்க விரும்புவது.

*

கடிகாரத்தின் முகத்தை எதனால் மூடுவது என்பது உடலில் அணியும் கடிகாரங்கள் தோன்றிய நாள்முதல் இருந்துவரும் சிக்கல். 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடிகாரங்களுக்கு உலோக மூடி இருந்தது. மூடியில் துளைகள் குடைந்து, அவற்றின் வழியே முள்ளைப் பார்த்தார்கள். செல்வந்தர்களுக்காகப் படிகக் கல்லைச் சீவி மூடியாக்கியதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கண்ணாடி பரவலாயிற்று. கண்ணாடியின் குறை கீறல் அன்று. அது உடையும் என்பதுதான். சட்டைப்பைக்குள் சங்கிலியோடு பத்திரமாக இருந்தவரை அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியதும் நிலைமை மாறியது. 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பதுங்குகுழியிலிருந்த சிப்பாய்க்குப் பைக்குள் கைவிட்டு நேரம் பார்க்க அவகாசமில்லை. கடிகாரத்தைக் கையில் கட்டினான். கண்ணாடி நொறுங்கியது. அதைக் காக்க உலோகக் கம்பிவலை போன்ற காப்புகளைப் பொருத்தினார்கள். உடையாத கண்ணாடி என்ற பெயரில் செல்லுலாய்டு மூடிகளும் வந்தன. செல்லுலாய்டு நாளடைவில் மஞ்சளாகும், எளிதில் தீப்பற்றும், அது வெளியிடும் வாயு முட்களைத் துருப்பிடிக்கச் செய்யும். உடையாமை என்ற ஒரு நன்மைக்காக இத்தனையையும் பொறுத்துக்கொண்டார்கள்.

1930களில் இதற்கு ஒரு முடிவு கிடைத்தது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற நீண்ட பெயர் கொண்ட தெளிவான பிளாஸ்டிக்கை ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயரிட்டது. இங்கிலாந்தில் அதுவே பெர்ஸ்பெக்ஸ் ஆயிற்று. நாம் அக்ரிலிக் என்கிறோம். கண்ணாடியில் பாதிக்கும் குறைவான எடை. கண்ணாடிக்குக் குறையாத தெளிவு. அடிபட்டால் சிதறித் தெறிக்காத குணம். இரண்டாம் உலகப் போரில் போர்விமானிகளின் தலைக்கு மேலிருந்த கூண்டு இதனால் ஆனது.

அந்த விமானிகளிடமிருந்து இன்னொரு கிளைக்கதை தொடங்குகிறது. கூண்டு உடைந்து அதன் சிதறல்கள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தபோது கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949இல் அதே பொருளால் ஆன செயற்கை வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் அத்தகைய வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நம் பெரியவர்கள் பலர், கடிகாரத்தின் மேலிருந்த அதே பொருளைக் கண்ணுக்குள்ளும் வைத்துக்கொண்டுதான் நேரம் பார்த்தார்கள்.

அக்ரிலிக்கின் ஒரே பலவீனம் அதன் மென்மை. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்கு 10, நீலக்கல்லுக்கு 9, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை அளவில் நிற்கும். அக்ரிலிக் சுமார் மூன்றுதான். நம்மூர்ப் புழுதியில் இருக்கும் ஒரு மணல் துகள் போதும், அதில் கோடு விழ. இது தெரிந்தேதான் அதைத் தேர்ந்தார்கள். 1965இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் தன் வீரர்களுக்காக ஏற்றுக்கொண்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் மேல்மூடியும் பிளாஸ்டிக்தான். எடையற்ற அறைக்குள் கண்ணாடிச் சில்லுகள் மிதந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். கீறலை ஏற்றுக்கொண்டு உடைதலைத் தவிர்ப்பது என்பதே அந்தத் தலைமுறைக் கடிகாரங்களின் உடன்படிக்கை.

*

அந்த உடன்படிக்கையோடுதான் கைக்கடிகாரம் நம் கிராமங்களுக்குள் வந்தது. அதற்கு முன்பும் கடிகாரங்கள் இருந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கடிகாரம் விற்றது. வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா போன்ற சுவிஸ் கடிகாரங்கள் ரயில்வே ஊழியர்களிடமும் வக்கீல்களிடமும் நிலக்கிழார்களிடமும் இருந்தன. மற்றவர்களுக்கு வெயிலும் கோயில் மணியும் முதல் பஸ்ஸும்தான் கடிகாரம்.

1953இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்த முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் ஜவஹர்லால் நேரு. பின்னால் வந்த வகைகளில் ஜனதா என்ற பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். 17 ஜுவல்ஸ், நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய எந்திரம், நொடிக்கு ஐந்து துடிப்பு, சற்றே மேடிட்ட அக்ரிலிக் மூடி. மின்கலம் தேவையில்லை. எண்ணெய் காய்ந்தால் கழற்றிக் கழுவிப் பூட்டிவிடலாம். ஊருக்கு ஒருவராவது அந்த வேலை தெரிந்தவர் இருந்தார்.

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். எச்.எம்.டி. கடிகாரங்கள் இந்தப் பகுதியில் பரவியதும் அதே காலத்தில்தான். மானாவாரி நிலமும் கேழ்வரகும் புளியும் மாந்தோப்பும் கொண்ட மாவட்டம். பள்ளி ஆசிரியர், கிராம அலுவலர், பஸ் கண்டக்டர், பட்டுக்கூடு வியாபாரி என்று மாதச் சம்பளமோ கையிருப்போ உள்ளவர்கள் முதலில் கட்டினார்கள். பிறகு கல்யாணச் சீர்வரிசையில் சைக்கிளோடும் ரேடியோவோடும் கடிகாரமும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மின்னிய கடிகாரத்துக்காகப் பெண்வீட்டார் பட்ட கடனையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுத வேண்டும்.

அந்தக் கடிகாரம் கல்யாணப் பையில் கிடந்து பொழுதைக் கழிக்கவில்லை. பஸ் சன்னல் கம்பியில் உரசியது. கிணற்று மோட்டார் அறையின் சுவரில் இடித்தது. மாங்கூடையின் விளிம்பிலும் கதிரடிக்கும் களத்துப் புழுதியிலும் பட்டது. இன்று அலமாரியிலிருந்து எடுக்கும் ஒரு ஜனதாவின் மேல் பனி படிந்ததுபோல் ஒரு மங்கல் இருக்குமானால், அது ஒரே நாளில் வந்ததன்று. ஆயிரக்கணக்கான வேலைநாட்களின் கூட்டுத்தொகை.

*

கீறல் என்பது என்ன? ஏரோட்டிய நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மணல் துகள் அக்ரிலிக்கின் மேல் உரசிச் செல்லும்போது நடுவில் ஒரு சால் விழுகிறது. சாலிலிருந்து எழும்பிய பொருள் இருபுறமும் கரையாகக் குவிகிறது. ஒளி நேராக ஊடுருவ முடியாமல் சாலிலும் கரையிலும் பட்டுச் சிதறுவதால் கீறல் வெள்ளையாகத் தெரிகிறது. கீறலை நீக்குவதாக நாம் சொல்வது உண்மையில் பரம்படிப்பதுதான். முதலில் கரைகள் கரைகின்றன. பிறகு சாலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பரப்பு முழுவதும் கீழிறக்கப்படுகிறது. பள்ளம் நிரப்பப்படுவதில்லை, மேடு குறைக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் கண்ணாடி ஒரு இழை மெலிகிறது.

மெருகு என்பது எப்படி உண்டாகிறது என்ற கேள்வி பெரிய மூளைகளை வெகுகாலம் உழைக்க வைத்திருக்கிறது. 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் நியூட்டன் இதைப் பற்றி எழுதினார். தேய்ப்பதால் பரப்பு முழுமையாக வழவழப்பாகிவிடுவதில்லை, பெரிய கீறல்கள் கண்ணுக்குப் புலனாகாத சிறு கீறல்களாக மாற்றப்படுகின்றன என்பது அவர் கருத்து. 1901இல் ராலே பிரபு லண்டனில் மெருகு பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மேடுகளின் உச்சி முதலில் பளபளப்பாகி, பள்ளங்கள் எஞ்சி நிற்பதை அவர் கண்டிருந்தார். சர் ஜார்ஜ் பெய்ல்பி என்ற ஆய்வாளரோ, தேய்க்கும்போது பரப்பு கூழ்போல இளகிப் பரவிப் பள்ளங்களை மூடிவிடுகிறது என்றார். மெருகேற்றிய பரப்பை அமிலத்தால் அரித்துப் பார்த்தபோது, மறைந்துபோன பழைய கீறல்கள் மீண்டும் வெளிப்பட்டதை அவர் சான்றாகக் காட்டினார். 1937இல் பவுடனும் ஹியூஸும் உராய்வின் சூடே பரப்பை உருக்குகிறது என்றார்கள். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் நியூட்டன் பக்கம் சாய்ந்தன. மெருகில் முதன்மையானது நுண்ணிய வெட்டுதான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைவிட நுண்ணியதாகக் கீறல் ஆகிவிட்டால் ஒளி அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். ஆகவே ஒரே தாவலில் மெருகேற்ற முடியாது. படிப்படியாக இறங்க வேண்டும். 600 எண் உப்புத்தாளின் துகள் சுமார் 26 மைக்ரான். 1200 எண்ணுக்கு 15, 2000 எண்ணுக்கு 10. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்துத் தன் கீறலை விட்டுச் செல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வெட்டியெடுக்கும் கிரானைட் கல்லை முகம் தெரியும் பலகையாக்குவதும் இதே முறையில்தான். கல்லுக்கு வைரத் துகள், அக்ரிலிக்குக்குப் பற்பசை என்பதே வேறுபாடு.

பற்பசை ஏன்? பல்லின் எனாமல் மோஸ் வரிசையில் சுமார் 5. அதைத் தேய்த்துவிடக்கூடாது என்பதால் பற்பசையில் அதைவிட மென்மையான துகள்களைச் சேர்க்கிறார்கள். வெள்ளைப் பற்பசைகளில் வெகுகாலமாக இருந்துவரும் சுண்ணக் கார்பனேட்டின் கடினத்தன்மை 3. அக்ரிலிக்கும் ஏறத்தாழ அதே அளவு. எனவே பற்பசை அக்ரிலிக்கை மெல்ல வருடி மட்டப்படுத்துகிறது. ஐந்தரை அளவில் நிற்கும் கண்ணாடியை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் வேதியியல் விடை இவ்வளவுதான்.

நம் வீடுகளுக்கு இந்த அறிவு புதிதன்று. செங்கற்பொடி, ஆற்றுமணல், உமிக்கரி, அடுப்புச் சாம்பல், திருநீறு என்று தேய்பொருள்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். அண்டாவுக்கு ஒன்று, குத்துவிளக்குக்கு ஒன்று, அரிக்கேன் விளக்கின் சிமினிக்கு ஒன்று. எதை எதன்மேல் தேய்க்கக்கூடாது என்பது சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. செங்கற்பொடியில் மணல் உண்டு. உமிக்கரியில் சிலிக்கா உண்டு. பித்தளைக்கு உகந்த இவை அக்ரிலிக்குக்குப் பகை.

*

இனி முறையைச் சொல்லிவிடலாம். முதலில் மூடி அக்ரிலிக்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நகத்தால் தட்டினால் அக்ரிலிக் மந்தமாக ஒலிக்கும். கண்ணாடி கணீரென்று ஒலிக்கும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி குளிரும். அக்ரிலிக் அவ்வளவு குளிராது. அடுத்து, மூடியின் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெடிப்புக்குத் தேய்ப்பு மருந்தாகாது. மூடியையே மாற்ற வேண்டியதுதான்.

மூடியைச் சுற்றியுள்ள உலோக விளிம்பின்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். பழைய கடிகாரங்கள் பலவற்றில் பித்தளைமேல் குரோமிய முலாம்தான் பூசியிருக்கும். தேய்த்தால் பித்தளை பல்லிளிக்கும். பழைய கடிகாரத்துக்குள் ஈரம் எளிதில் புகும். ஆகவே தண்ணீர் ஊற்றக்கூடாது, பற்பசையின் ஈரமே போதும். பட்டாணி அளவு வெள்ளைப் பற்பசை. பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி. கீறலுக்குக் குறுக்காகவும் பிறகு வட்டமாகவும், அழுத்தாமல், நான்கைந்து நிமிடம் தேய்க்க வேண்டும். துடைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் தேய்க்கலாம். ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் அங்கே குழி விழுந்து, எண்கள் நெளிந்து தெரியும்.

நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறலுக்குப் பற்பசை போதாது. 1200, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரை லேசாக நனைத்துத் தேய்த்துவிட்டுப் பற்பசைக்கோ பிராஸோவுக்கோ வர வேண்டும். வாட்டர் பேப்பர் தேய்த்ததும் மூடி முழுவதும் பால்போல் வெளுத்துவிடும். பதற வேண்டியதில்லை, அது இடைப்பட்ட படிதான். மின்விசைச் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பது வேண்டாம். சுமார் 105 டிகிரி வெப்பத்தில் அக்ரிலிக் இளகத் தொடங்கும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவை அருகில் வரக்கூடாது. அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும். ஸ்பிரிட் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். 1960களுக்கு முந்தைய வெளிநாட்டுக் கடிகாரங்களில் இருட்டில் ஒளிரும் எண்கள் இருந்தால் அவற்றில் ரேடியம் இருக்கக்கூடும். அவற்றின் மூடியை வீட்டில் கழற்றவே கூடாது.

*

மாவட்டத்தின் இன்னொரு முனைக்கு வருவோம். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூர், 1965 முதல் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. பின்தங்கிய பகுதிக்குத் தொழில் கொண்டுவரும் நோக்கில் 1970களில் சிப்காட் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலையும் அங்கேதான் எழுந்தது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து டைட்டன் என்ற பெயர் பிறந்ததாகச் சொல்வார்கள். செர்செஸ் தேசாய் அதன் முதல் நிர்வாக இயக்குநர். எச்.எம்.டி.யில் அனுபவம் பெற்ற சிலர் அங்கே சேர்ந்தார்கள். சுற்றுப்புற ஊர்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி பெற்று, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசைகளில் அமர்ந்தார்கள். மழையை நம்பியிருந்த பல குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் அப்படி வந்தது. இதைச் சிறிய மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

1987இல் கடைக்கு வந்த டைட்டன் கடிகாரங்கள் குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. 1969 இறுதியில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் உலகுக்குக் காட்டிய தொழில்நுட்பம் அது. உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். சாவி கொடுக்க வேண்டாம். மாதத்துக்குச் சில நொடிகளே பிசகும். அந்தக் காலத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களில் பெரும்பாலும் அக்ரிலிக்குக்குப் பதில் கனிமக் கண்ணாடி இருந்தது. புழுதிக்கும் பஸ் கம்பிக்கும் அது அவ்வளவு எளிதில் அஞ்சுவதில்லை. 2002இல் ஓசூரிலிருந்து டைட்டன் எட்ஜ் வந்தது. மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், மேலே செயற்கை நீலக்கல் மூடி. ஆகஸ்ட் வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் உலகுக்கு அறிவித்த முறையிலிருந்து வளர்ந்தது அந்தக் கல். அக்ரிலிக் மூடியின் கீறல்களைச் சுமந்த அதே மாவட்டத்திலிருந்து, மணலாலும் கீற முடியாத மூடி உலகச் சந்தைக்குச் சென்றது.

லாபக் கணக்கில் இதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஒரு நுண்ணிய இழப்பு நேர்ந்தது. கனிமக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் சீரியம் ஆக்சைடு வேண்டும், நீலக்கல்லில் விழுந்தால் வைரத் துகள் வேண்டும். பழுதுபார்ப்பவரே தேய்க்கமாட்டார், கழற்றிவிட்டுப் புதிதைப் பொருத்துவார். எந்திரத்துக்கும் அதே விதிதான். சாவி கொடுப்பது, கண்ணாடி துடைப்பது என்று உடைமையாளரின் கைக்கு இருந்த இரண்டு வேலைகளும் ஒரே தலைமுறையில் நின்றுபோயின. குறையற்ற பொருளுக்கு நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அதை வாங்கலாம், தூக்கிப் போடலாம். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பழைய கடிகாரங்கள் நம் அலமாரிகளில் எஞ்சியிருக்கின்றன.

*

அலமாரியில் எஞ்சியவற்றுக்கு இன்று இரண்டு ஆபத்துகள். ஒன்று, பழசு என்று வீசியெறிவது. மற்றது, மோகம். பழைய எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு ஏற்பட்டுள்ள மவுசைக் கண்டு, டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து, ஒருபோதும் இல்லாத நிறங்களிலும் எழுத்துகளிலும் விற்கிறார்கள். வெளியே பளபளக்கும், உள்ளே மூன்று கடிகாரங்களின் உதிரிகள் இருக்கும். எதை மெருகேற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவேகம் இங்கேதான் தேவைப்படுகிறது.

தருமபுரி அந்த விவேகத்தை நமக்குக் கற்றுத்தரக்கூடிய ஊர். மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் காக்கப்படுகின்றன. வட்டெழுத்துப் பொறித்த ஒரு நடுகல்லை, அழுக்காக இருக்கிறதே என்று மணலால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், ஆநிரை மீட்டு மடிந்தவனின் பெயர் போய்விடும். கல்லில் உள்ள கீறலே அங்கே செய்தி. கடிகாரத்தின் டயல் அத்தகைய கல். அதிலுள்ள மங்கல், காலத்தின் பழுப்பு, தேய்ந்த எழுத்து ஆகியவை அதன் சாட்சியங்கள். மேலிருக்கும் அக்ரிலிக் மூடியோ அந்தக் கல்லின்மேல் படிந்த புழுதி போன்றது. தேய்ப்பதற்கும் மாற்றுவதற்கும் உரியதாகவே அதைச் செய்தார்கள். மூடியைத் துடைத்தால் டயல் படிக்கக் கிடைக்கிறது.

அப்படியானால் மூடியின் கீறல்களிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதை அழிப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தகடூரையே சாட்சியாக அழைக்கலாம். இன்றைய தருமபுரியே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் என்பர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே காட்டப்பட்ட படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்ததும் இகழ்வதுபோல் புகழ்ந்ததும் என்று இந்தப் பாட்டின் நயத்தை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதிகம் பேசப்படாத ஒன்று அந்தப் பட்டறை. சிதைந்த வேலை அதியமான் சிதைவோடு மாட்டிவைத்து அழகு பார்க்கவில்லை. கொல்லனிடம் அனுப்பினான். முனை நிமிர்த்தித் தீட்டி மீண்டும் கையில் எடுப்பதற்காகவே அவை அங்கே கிடந்தன.

கீறலே படாத புதுமை தொண்டைமானின் கொட்டில். கீறலை அப்படியே வழிபடுவதும் வேறுவகைக் கொட்டில்தான். இரண்டிலும் பொருள் வேலை செய்வதில்லை. உழைத்துத் தேய்ந்து, செப்பனிடப்பட்டு, மறுபடி உழைக்கப் போவது என்ற சுழற்சியில் இருக்கும் பொருளுக்குத்தான் ஆயுள் இருக்கிறது. அந்தச் சுழற்சியில் பங்கெடுக்கக் கொல்லனாக இருக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் மூடி நம் வீட்டு முற்றத்தையே பட்டறையாக்கிக் கொடுத்தது. அதன் மென்மையைக் குறையென்று எண்ணித்தான் கைவிட்டோம். நம்மால் செப்பனிடக்கூடியதாக அதை ஆக்கியிருந்ததும் அந்த மென்மைதான்.

மெருகேற்றிய கடிகாரத்தைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டால் இத்தனை பாடும் வீண். காலையில் ஒருமுறை சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டு வெளியே போகலாம். மாலைக்குள் எங்கேனும் உரசி ஒரு புதிய கோடு விழுந்திருக்கும். விழட்டும். பற்பசையும் வேட்டித் துணியும் வீட்டில் இருக்கின்றன.